காதால் படித்தவர்: தாஹா ஹுசைன், ஓர் எளிய அறிமுகம்

மூன்று வயதுப் பையனுக்குக் கண்வலி வந்தது. சில நாட்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஊர் நாவிதரை அழைத்து வந்தார்கள். அந்தக் காலத்து எகிப்திய கிராமங்களில் முடி வெட்டுபவர்தான் வைத்தியரும். அவர் செய்த வைத்தியத்தில் பையனின் பார்வை போய்விட்டது. அதே வீட்டில் சில வருடங்கள் கழித்து நான்கு வயதுத் தங்கைக்குக் காய்ச்சல் கண்டது. அப்போதும் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின நாள், வீடே பலகாரமும் புதுத்துணியுமாக இருந்தபோது, அவள் இறந்துபோனாள்.

இதைப் பிற்காலத்தில் எழுதியவர் அந்தப் பையனேதான். பெயர் தாஹா ஹுசைன். அரபு மொழி பேசும் நாடுகள் அவரை ‘அமீத் அல்-அதப் அல்-அரபி’ என்று அழைக்கின்றன. ‘அமீத்’ என்றால் பல்கலைக்கழகப் புலத்தின் தலைவர், டீன். கெய்ரோவில் கலைப்புலத்தின் டீனாக இருந்தவரை, அரபு இலக்கியம் முழுவதற்குமே டீன் என்று மக்கள் ஆக்கிவிட்டார்கள்.

அரபு இலக்கியத்தில் அறிமுகமே இல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாஹா ஹுசைனைப் பற்றி இரண்டு செய்திகள் அடிக்கடி காதில் விழும். ஒன்று, பழைய அரபுக் கவிதைகள் மீதே சந்தேகத்தைக் கிளப்பி நாட்டையே கொந்தளிக்க வைத்த பேராசிரியர் என்பது. மற்றொன்று, கல்வி அமைச்சராகி, ‘கல்வி தண்ணீரையும் காற்றையும் போல’ என்று சொல்லிப் பள்ளிக் கட்டணத்தை ஒழித்தவர் என்பது. பொதுவாக இவற்றைத் தனித்தனிக் கதைகளாகச் சொல்வார்கள். என் வாசிப்பில் இரண்டும் ஒரே கதை. ‘இதற்கு என்ன ஆதாரம்?’ என்று கேட்கத் தெரியாத ஓர் ஊரில் அவர் கண்ணை இழந்தார், தங்கையை இழந்தார். அப்படிக் கேட்பது எப்படி என்று பிறகு கற்றுக்கொண்டார். அந்தக் கேள்வி படித்த சிலரோடு நின்றுவிடக் கூடாது என்று கடைசிவரை உழைத்தார்.

தட்டை வேலிக்கு உள்ளே

அவர் பிறந்தது 1889 நவம்பர் 14-ஆம் தேதி, மின்யா மாகாணத்தில் மகாகா என்ற ஊரை ஒட்டிய ஒரு சிற்றூரில். இந்தப் பகுதியை மேல் எகிப்து என்பார்கள். வரைபடத்தில் கீழே, தெற்கில் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. ஆறு வரும் திசைதான் அங்கே ‘மேல்’. தந்தை ஒரு சர்க்கரை கம்பெனியில் சிறிய வேலையில் இருந்தார். தந்தையின் பதின்மூன்று பிள்ளைகளில் இவர் ஏழாமவர், தாயின் பதினோரு பிள்ளைகளில் ஐந்தாமவர்.

அவருடைய தன்வரலாறு ‘அல்-அய்யாம்’, அதாவது ‘நாட்கள்’. அது தொடங்குவது வீட்டுக்கு வெளியே நின்ற சோளத்தட்டை வேலியில். வேலி தன்னைவிட உயரம் என்பது அந்தச் சிறுவனுக்கு நினைவிருக்கிறது. முயல்கள் அதைச் சுலபமாகத் தாண்டிப் போகும். அவனால் முடியாது. மாலையில் வேலியோரம் நின்று, தூரத்தில் கதைப்பாடகர் ஒருவர் பாடுவதைக் காது கொடுத்துக் கேட்பான். அக்கா வந்து அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அம்மா கண்ணில் மருந்து விடுவாள், எரியும், அழமாட்டான். முதல் சில பக்கங்களில் இவ்வளவுதான் இருக்கிறது. பார்வையற்ற குழந்தையின் உலகம் எவ்வளவு தூரம் விரியும், எங்கே போய் முட்டிக்கொள்ளும் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது.

இந்தப் புத்தகத்தில் ‘நான்’ கிடையாது. ‘அவன்’, ‘சிறுவன்’, ‘நம் நண்பன்’ என்று படர்க்கையில்தான் போகிறது. புதிதாகப் படிப்பவர்களுக்கு இது ஒட்டாமல் படலாம். கொஞ்ச தூரம் போனால் காரணம் தெரியும். தன் துயரத்தை அவர் கையில் எடுத்து, சற்றுத் தள்ளி வைத்து, யாரோ ஒருவருடையதைப் போல ஆராய்கிறார். அழுகையை அடக்கிக்கொண்டு பேசுபவரின் குரல் அது.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். வழக்கமாக ஒரு கையால் எடுக்கும் கவளத்தை இரண்டு கையாலும் எடுத்தால் என்ன ஆகும் என்று சிறுவனுக்குத் தோன்றுகிறது. எடுத்தும்விடுகிறான். கூடப்பிறந்தவர்கள் வெடித்துச் சிரிக்கிறார்கள். அம்மா அழுதுவிடுகிறாள். தந்தை மட்டும் தாழ்ந்த குரலில், கவளத்தை அப்படி எடுப்பதில்லை மகனே என்கிறார். அந்த இரவு எப்படிக் கழிந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. அன்றோடு சூப், சோறு, கரண்டியால் சாப்பிட வேண்டிய எல்லாம் அவன் தட்டிலிருந்து விலகின. இருபத்தைந்து வயது தாண்டும்வரை அப்படித்தான் இருந்தது.

இதைச் சொன்ன கையோடு அவர் ஒரு பழைய கவிஞரை நினைக்கிறார்: அபுல் அலா அல்-மஅர்ரி. 973 முதல் 1057 வரை வாழ்ந்த சிரியக் கவிஞர், சிறுவயதில் அம்மையில் பார்வை இழந்தவர். ஒருநாள் பழப்பாகு சாப்பிட்டபோது மார்பில் சிந்தியது அவருக்குத் தெரியவில்லை. மாணவர் ஒருவர் பார்த்துக் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து பழப்பாகையே அவர் விட்டுவிட்டார். இந்தச் செய்தி எத்தனையோ பேர் படித்த பழைய நூல்களில் இருப்பதுதான். அதன் வலி என்னவென்று தாஹா ஹுசைனுக்கு எந்த உரையாசிரியரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மனப்பாடம் என்னும் கூண்டு

ஊரில் கல்வி என்றால் குத்தாப், நம் ஊர் மக்தபைப் போன்ற ஓதும் பள்ளி. அங்கே ஆசிரியருக்குப் பெயர் ‘சய்யிதுனா’, நம் தலைவர். ஒன்பது வயது முடியும் முன்னே சிறுவன் குர்ஆன் முழுவதையும் மனனம் செய்துவிட்டான். பிறகு ஓதாமல் விட்டதில் மறந்துபோனான். தந்தை திடீரென்று ஓதச் சொன்னபோது வாய் கட்டிப்போயிற்று. ஆசிரியருக்கும் பையனுக்கும் அன்று நேர்ந்த அவமானத்தை ‘அல்-அய்யாம்’ விரிவாகச் சொல்கிறது. அடுத்து அல்ஃபிய்யா வந்தது. அரபு இலக்கணம் முழுவதையும் ஏறக்குறைய ஆயிரம் வரிச் செய்யுளில் அடக்கிய நூல் அது.

1902-இல், பதின்மூன்று வயதில், அண்ணனோடு கெய்ரோவின் அல்-அஸ்ஹருக்குப் போனார். ஆயிரம் வருடப் பழமை உள்ள பள்ளிவாசல் கல்விக்கூடம் அது. தூணுக்குத் தூண் ஒரு ஆசிரியர், அவரைச் சுற்றி வட்டமாக மாணவர்கள். நுழைவுத் தேர்வில் பரிசோதகர் அவரைக் ‘குருடனே’ என்று கூப்பிட்டு, குர்ஆனிலிருந்து ஓதச் சொன்னார். வீட்டில் யாரும் பயன்படுத்தாத சொல். அது நெஞ்சில் தைத்தது.

அஸ்ஹரின் பாடமுறையைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் வரும் சந்தேகம் புரியும். முதலில் மூலநூல் இருக்கும். அதற்கு ஓர் உரை, அந்த உரைக்கு ஒரு குறிப்புரை, குறிப்புரைக்கு மேலும் விளக்கம். மாணவன் மூலத்தைத் தொடுவதற்குள் நாலு அடுக்கு தாண்ட வேண்டும். ஓர் ஆசிரியர் சொன்னதை இன்னோர் ஆசிரியர் மறுப்பார். அந்த மறுப்பும் மனப்பாடத்துக்கு உரியது. சொன்னது சரியா என்று பார்க்கும் வழக்கம் குறைவு. சொன்னவர் யார் என்பதுதான் பெரிது. சீர்திருத்தவாதியான முஹம்மது அப்துஹுவின் கடைசி வகுப்புகளில் இரண்டை மட்டும் தாஹா ஹுசைன் கேட்க முடிந்தது. மனத்தைத் திறந்துவிட்டவர் இன்னொருவர், சய்யித் அல்-மர்ஸஃபி. பழைய கவிதைத் தொகுப்பான ‘ஹமாஸா’வை எடுத்துக்கொண்டு, இந்தச் சொல் ஏன் இங்கே, இந்த வரி நன்றாக இருக்கிறதா, இது கவிஞன் எழுதியதுதானா என்று கேட்டுக் கேட்டுப் பாடம் நடத்தினார். இலக்கியத்தை ரசிக்கவும் சோதிக்கவும் ஒருசேரக் கற்றுக்கொண்டது அந்த வட்டத்தில்தான். அஸ்ஹரின் பட்டம் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆசிரியர்களோடு உரசல் அவ்வளவு முற்றியிருந்தது.

1908 டிசம்பரில் கெய்ரோவில் எகிப்தியப் பல்கலைக்கழகம் திறந்தது. மக்கள் நன்கொடையில் எழுந்த தனியார் நிறுவனம், இன்றைய கெய்ரோ பல்கலைக்கழகத்தின் தொடக்கம். நல்லினோ, லிட்மன் போன்ற ஐரோப்பிய அறிஞர்கள் அங்கே அரபியிலேயே பாடம் நடத்தினார்கள். வரலாற்றுக்கு ஒரு முறை உண்டு, இலக்கியத்துக்கும் வரலாறு உண்டு என்பதை அங்கே கேட்டார். 1914-இல் அந்தப் பல்கலைக்கழகம் வழங்கிய முதல் முனைவர் பட்டம் தாஹா ஹுசைனுடையது. ஆய்வுப் பொருள் வேறு என்னவாக இருக்கும்? அபுல் அலா அல்-மஅர்ரிதான்.

பிரான்சும் சூசானும்

அதே 1914-இல் பல்கலைக்கழகம் அவரை பிரான்சுக்கு அனுப்பியது. முதலில் மோன்பெலியே. உலகப்போர் தொடங்கி, பணமுடையில் மாணவர்களைத் திருப்பி அழைத்து, மறுபடி அனுப்பியபோது பாரிஸ். பிரெயில் முறையையும் கற்றுப் பார்த்தார். காதால் படித்தே வளர்ந்தவருக்கு அது ஒட்டவில்லை. படித்துக் காட்ட ஒரு குரல் வேண்டும். அப்படி வந்தவர் சூசான் பிரெசோ. ‘அல்-அய்யாம்’ மூன்றாம் பாகத்தில் அவர் முகமாக வருவதில்லை, இனிய குரலாகவே வருகிறார். லத்தீனும் பிரெஞ்சு இலக்கியமும் அந்தக் குரல் வழியாக உள்ளே போயின. 1917 ஆகஸ்டில் திருமணம். கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், முஸ்லிம் மாப்பிள்ளை, அதுவும் பார்வையற்றவர். பெண் வீட்டில் எழுந்த தயக்கத்தைத் தீர்த்துவைத்தவர் பாதிரியாராக இருந்த மாமா ஒருவர். இருவரும் ஐம்பத்தாறு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்கள். கணவர் இறந்தபின் சூசான் எழுதிய நினைவு நூலின் அரபுப் பெயர் ‘மஅக்’, ‘உன்னோடு’.

பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் எழுதிய ஆய்வு, பதினான்காம் நூற்றாண்டு அரபு வரலாற்றாசிரியர் இப்னு கல்தூனின் சமூகத் தத்துவம் பற்றியது. சமூகவியலின் முன்னோடியான துர்க்கைம் அதற்கு வழிகாட்டியவர்களில் ஒருவர். 1919-இல் நாடு திரும்பி, கிரேக்க ரோம வரலாறு நடத்தத் தொடங்கினார். பல்கலைக்கழகம் 1925-இல் அரசுடைமையானபோது அரபு இலக்கியப் பேராசிரியர் ஆனார்.

சந்தேகம் என்றால் மறுப்பு இல்லை

1926-இல் வந்தது ‘ஃபிஷ்-ஷிஅர் அல்-ஜாஹிலி’, ஜாஹிலிய்யாக் கவிதை குறித்து. புத்தகம் சிறியது, அதை ஒட்டி எழுந்த சண்டை மிகப் பெரியது. புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னணி வேண்டும்.

இஸ்லாத்துக்கு முந்திய அரபு காலத்தை ஜாஹிலிய்யா, அறியாமைக் காலம் என்பார்கள். அந்தக் காலத்துக் கவிதைகள், முக்கியமாக முஅல்லகாத் என்னும் நெடும்பாடல்கள், அரபு மொழிக்கே உரைகல். ஒரு சொல்லின் பொருளில் ஐயம் வந்தால், குர்ஆனின் சொல்லாகவே இருந்தாலும், பழைய கவிதையிலிருந்துதான் சான்று காட்டுவார்கள். ஆனால் இந்தக் கவிதைகள் பிறந்தபோது எழுதப்படவில்லை. ‘ராவி’ எனப்படும் பாடல் காப்பாளர்கள் வாய்மொழியாகச் சுமந்து வந்தார்கள். பெரிய அளவில் தொகுத்து எழுதியது எட்டாம் நூற்றாண்டில். நடுவே நூற்றைம்பது, இருநூறு வருட இடைவெளி.

தாஹா ஹுசைன் கேட்டது இதுதான்: இடைப்பட்ட காலத்தில் யாரும் புனைந்து சேர்த்திருக்க மாட்டார்களா? தன் முறைக்குப் பிரெஞ்சுத் தத்துவவாதி டேகார்ட்டின் பெயரைச் சொன்னார். ஆராயப்போகும் பொருளைப் பற்றி முன்பே தெரிந்ததை எல்லாம் ஓரம் வைத்துவிட்டு, வெறும் மனதோடு தொடங்கு என்பது அந்த முறை.

அவர் சோதித்த விதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. தென் அரேபியாவில், யமனில், பேசியது ஹிம்யர் மொழி. கல்வெட்டுகள் அதன் இலக்கணம் வேறு என்று காட்டுகின்றன. ஹிம்யரின் நாக்கு நம் நாக்கு இல்லை, அவர்கள் மொழி நம் மொழி இல்லை என்று பழைய மொழியறிஞர் அபூ அம்ர் இப்னுல் அலாவே சொல்லியிருக்கிறார். அப்படியானால் யமன் குலத்தவர் எனப்படும் முஅல்லகாத் கவிஞர் இம்ரவுல் கைஸின் கவிதைகள் எப்படி மக்காவின் குறைஷிக் குலத்தாருடைய அரபியில் இருக்கின்றன? வடக்கே கூட குலத்துக்குக் குலம் பேச்சு வேறுபட்டிருக்க, கவிதைகளில் அந்த வேறுபாடு ஏன் தெரியவில்லை? அந்த மக்களின் சமயமும் பொருளியலும் குர்ஆனில் அவ்வளவு உயிரோடு தெரிய, அவர்களுடையதாகச் சொல்லும் கவிதையில் ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கின்றன? ஜாஹிலிய்யா வாழ்க்கையை அறிய நம்பகமான கண்ணாடி குர்ஆன்தான், கவிதை அல்ல என்பது அவர் முடிவு. அவரை மத விரோதி என்று திட்டியவர்கள் பலர் இந்த வாதத்தை எட்டவே இல்லை.

யார் புனைந்திருப்பார்கள் என்பதற்கும் காரணங்கள் அடுக்கினார். குலங்களுக்கு இடையே அரசியல் போட்டி, தங்கள் முன்னோருக்குப் புகழ் தேவை. சமய விளக்கத்துக்குச் சான்று தேவை. கதைசொல்லிகளுக்குக் கதைக்கு நடுவே பாட்டு தேவை. அரபியர் அல்லாத முஸ்லிம்களுக்கும் அரபியருக்கும் நடந்த பெருமைச் சண்டை வேறு. ஹம்மாத், கலஃப் அல்-அஹ்மர் என்ற இரு காப்பாளர்கள் தாமே கவி கட்டிப் பழையவர் பெயரில் விட்டவர்கள் என்று மரபே குற்றம் சாட்டியிருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் இப்னு சல்லாமும் கலப்படத்தைப் பற்றி எச்சரித்தார். ஐயம் தாஹா ஹுசைன் கண்டுபிடித்த சரக்கு இல்லை. ‘இந்தக் கவிதையில் கலப்படம்’ என்று முன்னோர் சொன்னதை, ‘பெரும்பாலும் எல்லாமே கலப்படம்’ என்று அவர் நீட்டினார்.

ஆனால் தீ பற்றியது கவிதையால் இல்லை, ஒரு பத்தியால். நபி இப்ராஹீம், நபி இஸ்மாயீல் பற்றி யூத வேதமான தவ்ராத்தும் குர்ஆனும் சொல்லலாம், அப்படிச் சொல்லியிருப்பது மட்டும் வரலாற்று அளவில் அவர்கள் இருந்தார்கள் என்று நிறுவப் போதாது என்ற கருத்தில் எழுதியிருந்தார். அஸ்ஹர் கொதித்தது. நாடாளுமன்றத்தில் விவாதம் எழுந்தது. முஸ்தஃபா சாதிக் அர்-ராஃபிஈ போன்ற பெரிய எழுத்தாளர்கள் மறுப்பு நூல்கள் எழுதினார்கள். வழக்கு அரசு வழக்கறிஞர் முஹம்மது நூரிடம் போயிற்று. அவர் நூலை வரி வரியாகப் படித்து, வாதங்களுக்குப் பதில் வாதமும் எழுதி, சில இடங்களில் ஆசிரியரைக் கடுமையாகக் கண்டித்துவிட்டு, 1927 மார்ச்சில் வழக்கை முடித்துவைத்தார். ஆராய்ச்சிதான் நோக்கம், குற்ற எண்ணம் இல்லை என்பது அவர் கண்டது. அந்த அறிக்கையே தனி நூலாகப் படிக்கத் தகுந்தது. உடன்படாத ஒருவர் இன்னொருவரை எவ்வளவு கவனமாகப் படிக்கலாம் என்பதற்கு அது மாதிரி. தாஹா ஹுசைன் சர்ச்சைக்குரிய பத்தியை நீக்கி, மேலும் அத்தியாயங்கள் சேர்த்து, 1927-இல் ‘ஃபில் அதப் அல்-ஜாஹிலி’ என்ற பெயரில் மறுபடி வெளியிட்டார். மூல வாதத்தைக் கைவிடவில்லை.

அவர் சொன்னது சரிதானா? பெரும்பகுதி சரியில்லை என்றுதான் பின்வந்த ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். கவிதைக்கென்று குலங்களைக் கடந்த பொதுமொழி ஒன்று இருந்திருக்கும் என்பது மொழி வாதத்துக்குப் பதில். இம்ரவுல் கைஸின் கிந்தா குலம் மத்திய அரேபியாவின் நஜ்திலேயே வாழ்ந்தது. 1956-இல் நாஸிருத்தீன் அல்-அசத் வெளியிட்ட பெரிய நூல், மூலங்களின் சங்கிலியையே ஆராய்ந்து அவரை மறுத்தது. ஆனால் அந்த மறுப்பும் ஆதாரம் தேடித்தான் வந்தது, ‘முன்னோர் சொன்னார்கள்’ என்று சொல்லி வரவில்லை. முடிவில் அவர் தோற்றிருக்கலாம். விளையாட்டின் விதியை மாற்றியவர் அவர்தான். என் கண்ணில் அதுவே பெரிய வெற்றி.

பட்டம் தர மறுத்த டீன்

1930-இல் கலைப்புலத்துக்கு டீன் ஆனார். பிரதமர் இஸ்மாயீல் சித்கியின் ஆட்சி, தனக்கு வேண்டிய அரசியல்வாதிகளுக்குக் கௌரவ முனைவர் பட்டம் கொடுக்கச் சொன்னது. டீன் மறுத்தார். 1932 மார்ச்சில் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து எடுத்து அமைச்சகத்துக்கு மாற்றினார்கள், பிறகு வேலையிலிருந்தே நீக்கினார்கள். துணைவேந்தராக இருந்த அஹ்மத் லுத்ஃபி அஸ்-சய்யித் அதைக் கண்டித்துத் தன் பதவியை விட்டார். தாஹா ஹுசைன் பத்திரிகையில் எழுதிக் குடும்பத்தைக் காத்தார். ஆட்சி மாறியபின் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார்.

தண்ணீரும் காற்றும்

1936-இல் பிரிட்டனோடு எகிப்து செய்த ஒப்பந்தத்துக்குப் பின், இனி நம் நாடு எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. 1938-இல் அவர் எழுதிய ‘எகிப்தில் பண்பாட்டின் எதிர்காலம்’ அதற்கான பதில். தொடக்கப்பள்ளி முதல் பல்கலைக்கழகம்வரை ஆசிரியர், பாடநூல், தேர்வு, அஸ்ஹரின் இடம் என்று எதையும் விடாமல் பேசும் நூல். மக்களாட்சிக்கும் கல்விக்கும் உள்ள உறவு அதன் நடுநரம்பு. படிக்காத குடிமகன் ஏமாற்றப்படுவான் என்பதை அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

இந்த நூலில் எனக்கு உடன்பாடு இல்லாத பகுதியும் இருக்கிறது. எகிப்தின் மனம் கிரேக்கத்தோடும் ரோமோடும் மத்தியதரைக் கடலோடும் சேர்ந்தது, இந்தியா, சீனா, ஜப்பான் என்னும் கிழக்கோடு அதற்கு நெருக்கம் இல்லை என்று எழுதுகிறார். எகிப்தியர் ஐரோப்பியருக்கு இளைத்தவர் இல்லை என்று நிறுவும் வேகத்தில், கிழக்கை ஒற்றைப் பொட்டலமாகக் கட்டி ஓரம் வைத்துவிட்டார். எல்லாவற்றையும் சோதித்தவர் இந்த ‘மேற்கு மனம், கிழக்கு மனம்’ என்ற பிரிவினையைச் சோதிக்கவில்லை. பின்னாளில் இஸ்லாமிய அரசியல் சிந்தனையாளராக அறியப்பட்ட சய்யித் குதுப் போன்றவர்கள் அன்றே இதை எதிர்த்து எழுதினார்கள். அவர்களுடைய காரணங்கள் வேறு.

எழுதியதைச் செய்துகாட்டும் வாய்ப்பும் வந்தது. கல்வி அமைச்சகத்தில் ஆலோசகராக இருந்தபோது, 1944-இல் தொடக்கக் கல்விக்குக் கட்டணம் நீங்கியது. 1942-இல் தொடங்கிய அலெக்சாண்டிரியா பல்கலைக்கழகத்துக்கு முதல் துணைவேந்தர் அவர். 1950 ஜனவரியில் வஃப்து கட்சியின் நஹ்ஹாஸ் பாஷா அமைச்சரவையில் கல்வி அமைச்சர் ஆனார். இடைநிலைக் கல்வியும் தொழிற்கல்வியும் இலவசம் என்று ஆனது. இன்று அய்ன் ஷம்ஸ் என்று அழைக்கப்படும் பல்கலைக்கழகமும் அந்த ஆண்டில்தான் வந்தது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. கல்வியாளர் இஸ்மாயீல் அல்-கப்பானியும் அவரைச் சேர்ந்தவர்களும், கட்டடமும் ஆசிரியரும் இல்லாமல் கதவைத் திறந்தால் தரம் போய்விடும், முதலில் தரம், பிறகு எண்ணிக்கை என்றார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. தாஹா ஹுசைனின் நிலை எளிமையானது: தாகத்தில் இருப்பவனிடம் நல்ல குவளை செய்து முடிக்கும்வரை பொறு என்று சொல்ல முடியாது. ‘கல்வி தண்ணீரையும் காற்றையும் போல’ என்ற முழக்கத்தின் பொருள் அதுதான். 1952 ஜனவரியில் அமைச்சரவை கலைந்தது. கட்டணம் மட்டும் திரும்பி வரவில்லை. அந்த வருடம் புரட்சி செய்து வந்த ராணுவ அதிகாரிகளும் அதன்மேல்தான் கட்டினார்கள்.

சொல்லச் சொல்ல எழுதியது

அவர் ஒரு வரியையும் தன் கையால் எழுதவில்லை. எல்லாம் சொல்லச் சொல்லச் செயலாளர் எழுதியது. அரபியில் படிப்பவர்கள் இதை உடனே உணர்வார்கள். சொன்னதையே கொஞ்சம் மாற்றி மறுபடி சொல்வார், வாக்கியங்கள் ‘வ’, ‘வ’ என்று உம்மையால் கோத்துக்கொண்டே போகும், ஒலி முதலில் வந்து பொருள் பின்னால் வரும். வளவள என்று குறை சொல்பவர்களும் உண்டு. உரக்கப் படித்துப் பாருங்கள், குறை காணாமல் போகும். கதைமாந்தர் கிராமத்தாராக இருந்தாலும் பேச்சு செந்தமிழ் போன்ற செவ்வரபியில்தான் இருக்கும். வட்டார வழக்கில் உரையாடல் எழுதுவதை அவர் ஏற்கவே இல்லை. எனக்கு இது வருத்தம்தான்.

நாவல்களில் ‘துஆ அல்-கரவான்’, கரவான் பறவையின் அழைப்பு, 1934-இல் வந்தது. ஆம்னாவின் அக்கா ஹனாதி ஒரு பொறியாளரின் வீட்டில் வேலை செய்தபோது அவரால் கெட்டாள் என்று தாய்மாமனே அவளைக் கொன்றுவிடுகிறான். பழிதீர்க்க அதே வீட்டுக்குப் போகும் ஆம்னா அந்த மனிதனைக் காதலிக்கும்படி ஆகிறது. 1959-இல் ஹென்றி பரக்காத் இதைப் படமாக்கினார், ஆம்னாவாக நடித்தவர் ஃபாத்தன் ஹமாமா.

‘அல்-முஅத்தபூன ஃபில் அர்ள்’, பூமியில் வதைபடுவோர், வறுமையைப் பற்றிய கதைகள். நீதிக்காக ஏங்கி வெந்துபோகிறவர்களுக்கும், நீதி வந்துவிடுமோ என்ற பயத்தில் தூக்கம் கெடுகிறவர்களுக்கும் அதைக் காணிக்கை ஆக்கினார். மன்னராட்சிக்கு அது பிடிக்கவில்லை. எகிப்தில் தடைப்பட்டு லெபனானில் அச்சேறியது. இஸ்லாமிய வரலாற்றின் முதல் உள்நாட்டுப் போரை ‘அல்-ஃபித்னா அல்-குப்ரா’ என்ற இரண்டு பாக நூலில் எழுதினார். கலீஃபா உஸ்மான் பற்றியது 1947, அலீ பற்றியது 1953. நபித்தோழர்களையும் மனிதர்களாக, அவர்கள் காலத்துப் பொருளியல் நெருக்கடிக்குள் வைத்துப் பார்க்கும் நூல் அது.

1963 முதல் இறுதிவரை கெய்ரோ அரபு மொழிக் கழகத்தின் தலைவராக இருந்தார். 1973 அக்டோபர் 28-இல் காலமானார். அதற்கு முந்தின நாள்தான் ஐ.நா.வின் மனித உரிமைப் பரிசு தந்தியில் வந்திருந்தது. கீஸாவில் அவர் வாழ்ந்த ‘ராமத்தான்’ வீடு இப்போது அருங்காட்சியகம். 2013-இல் அவர் பிறந்த மின்யாவில் இருந்த அவருடைய சிலையின் தலையை யாரோ அறுத்துவிட்டுப் போனார்கள். இறந்து நாற்பது ஆண்டுகள் கழித்தும் அவர் சிலருக்கு உறுத்தலாக இருந்திருக்கிறார்.

எதிலிருந்து தொடங்குவது? ‘அல்-அய்யாம்’, அதிலும் முதல் பாகம். மேற்சொன்ன சண்டை ஓயாத நாட்களில், 1926-27இல், ‘அல்-ஹிலால்’ இதழில் தொடராக வந்து 1929-இல் நூலானது. ஊரே அவரைத் திட்டிக்கொண்டிருந்தபோது அவர் தன் குழந்தைப் பருவத்துக்குப் போயிருக்கிறார். இரண்டாம் பாகம் அஸ்ஹர், மூன்றாம் பாகம் பிரான்ஸ். மூன்றும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன, மூன்றையும் மொழிபெயர்த்தவர்கள் வெவ்வேறு ஆட்கள். பிரெஞ்சுப் பதிப்புக்கு முன்னுரை பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே ஜீத் எழுதியது. பக்கங்கள் குறைவு. அவசரப்படாமல் படியுங்கள், முடிந்தால் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் பாகத்தின் கடைசி அத்தியாயம் ஒன்பது வயது மகளிடம் பேசுவதாக அமைந்தது. அந்த வயதில் பிள்ளைகளுக்குத் தந்தை குறையே இல்லாதவர். அதனால் தன் பழைய பசியையும் அவமானத்தையும் அவளிடம் சொல்லத் தயங்குகிறார். ஒருநாள் அவளை மடியில் வைத்துக்கொண்டு ஈடிபஸ் மன்னனின் கதை சொல்லியிருக்கிறார். தன் கண்களைத் தானே குத்திக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் ஈடிபஸ் நிற்க, மகள் ஆன்டிகனி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் இடம் வந்தது. சிரித்துக் கேட்டுக்கொண்டிருந்த குழந்தையின் முகம் மாறிவிட்டது. அழத் தொடங்கி, தந்தையைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள். யாரை நினைத்து அழுகிறாள் என்று அவளுடைய தாய்க்கும் புரிந்தது, அவருக்கும் புரிந்தது.